கணினிக்குள் ஓர் இரட்டைப் பிறவி

மாரி மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு பிற்பகலில், லக்கல பகுதியின் புதிய குடியேற்றமொன்றில் எமது மாதாந்தக் கூட்டம் நடைபெற்றது. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக வயலையும் வளவையும் விட்டு எழும்பிய குடும்பங்கள் கூடியிருந்தன. பெரும்பாலோர் சிங்களவர், தமிழ் பேசுவோர் சிலர். மிளகு விலை, யானை வேலி, குழாய்த் தண்ணீர் என்று வழமையான விடயங்கள் பேசி முடிந்த பின்னர், உயர்தர வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை எழுந்தாள்.

"ஃபாதர், நோயாளி மாதிரியே இன்னொரு ஆளைக் கொம்பியூட்டருக்குள்ள செஞ்சு, அந்த ஆளுக்கு முதல்ல ஒப்பரேஷன் பண்ணிப் பாக்கிறாங்களாம். மெய்யா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "எனக்கும் அப்பிடி ஒண்ணு செய்வாங்களா சாமி?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அன்றே விடை சொல்லிவிட்டேன். மெய்தான். பெரியவருடைய கேள்விக்கோ என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து பல நாட்கள் அதைப் பற்றி வாசித்தேன். வைத்தியர்களாக இருக்கும் இரண்டு நண்பர்களிடமும் கேட்டேன். அணைக்காகவோ, யுத்தத்தினாலோ, மண்சரிவினாலோ இருந்த இடத்தை விட்டு எழும்பிய எல்லாக் குடும்பங்களுக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு என்று படுவதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் இதனை 'டிஜிட்டல் ட்வின்' என்கிறார்கள். நாம் கணினி இரட்டை என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணம் வைத்தியசாலையில் பிறந்ததன்று. 1970 ஏப்ரலில், சந்திரனை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அப்பலோ 13 விண்கலத்தின் ஒட்சிசன் தாங்கி, பூமியிலிருந்து மூன்று இலட்சம் கிலோமீற்றருக்கும் அப்பால் வெடித்தது. உள்ளே மூன்று பேர். பூமியில் இருந்தவர்களிடம், பயிற்சிக்கென அதே அமைப்பில் செய்யப்பட்ட மாதிரிக் கலங்கள் இருந்தன. மேலிருந்து வந்த செய்திகளுக்கு ஏற்ப அவற்றை மாற்றியமைத்து, மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது, நிறுத்திய கருவிகளை எந்த ஒழுங்கில் மறுபடி இயக்குவது என்று கீழே செய்து பார்த்து மேலே வழி சொன்னார்கள். மூவரும் உயிரோடு திரும்பினர். 'இரட்டை' என்னும் பெயரை நாசா நிறுவனத்தார் தமது அறிக்கைகளில் எழுதத் தொடங்கியது 2010 அளவில். அதன் பின்னர் விமான எஞ்சினுக்கும் மின்நிலையத்துக்கும் கணினிக்குள் இரட்டை செய்தார்கள். இறுதியில் மனித உடலுக்கு வந்தார்கள்.

சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியருக்கு இது ஏன் தேவை? கிணறு வெட்டியவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமன்று. கீழே இருப்பது கல்லா ஊற்றா என்பது வெட்டிய பின்னர்தான் தெரியும். பழைய காலத்துச் சத்திரசிகிச்சையும் ஏறக்குறைய அவ்வாறே இருந்தது. 1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. 1971இல் இங்கிலாந்தில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை சீ.ரீ. ஸ்கான் இயந்திரம் படமெடுத்தது. பின்னர் காந்தத்தின் உதவியால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்தது. இவற்றால் வெட்டுவதற்கு முன் பார்க்க முடிந்தது. ஆனால் பார்ப்பது வேறு, செய்து பார்ப்பது வேறு. கணினி இரட்டையில் செய்து பார்க்கலாம்.

எமக்கு அண்மையில் நடப்பதிலிருந்து தொடங்குவோம். சென்னை இன்று ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பெயர்பெற்ற நகரம். 1997இல் இலண்டனில், பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு ஈரல் மாற்றிய முகமது ரேலா என்னும் தமிழ் வைத்தியர் பின்னர் பணியாற்ற வந்தது அங்கேதான். எமது நாட்டில் றாகமவிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. உயிரோடிருக்கும் தாயோ சகோதரனோ தன் ஈரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுக்கிறார். எவ்வளவு வெட்டலாம்? பெறுபவருக்கு அவருடைய உடல் எடையில் நூற்றுக்கு 0.8 பங்கு எடையுள்ள ஈரலாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 480 கிராம். கொடுப்பவருக்கோ தன் ஈரலில் 30 முதல் 35 வீதமாவது மிஞ்ச வேண்டும். குறைத்து வெட்டினால் ஒருவருக்கு ஆபத்து, கூட்டி வெட்டினால் மற்றவருக்கு ஆபத்து. ஆகவே கொடுப்பவரின் வயிற்றை முதலில் ஸ்கான் செய்து, ஈரலையும் அதனூடே ஓடும் குருதி நாளங்களையும் கணினித் திரையில் எழுப்புகிறார்கள். இங்கே வெட்டினால் எவ்வளவு, இரண்டு விரல் தள்ளி வெட்டினால் எவ்வளவு, எந்த நாளம் யார் பக்கம் போகும் என்று திரையிலேயே வெட்டிப் பார்க்கிறார்கள். கத்தியை எடுக்கும் நாளில் அந்த ஈரல் வைத்தியருக்கு அந்நியமாக இருப்பதில்லை.

2022இல் பிறேசில் நாட்டில் நடந்தது இன்னும் வியப்பானது. தலை ஒட்டிப் பிறந்த பெர்னார்டோ, ஆர்தர் என்ற இரட்டைச் சிறுவர்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. மூளையின் நாளங்கள் இருவருக்கும் பொதுவாகப் பின்னிக் கிடந்தன. இலண்டனில் இருந்த நூர் உல் ஒவாசே ஜீலானி என்னும் வைத்தியரும், றியோ டி ஜெனெய்ரோ நகரிலிருந்த குழுவினரும், ஸ்கான் படங்களிலிருந்து எழுப்பிய தலைகளைக் கண்ணில் அணியும் கருவியினூடாகப் பார்த்து, பல மாதங்கள் ஒத்திகை செய்தார்கள். ஆளுக்கு ஒரு நாட்டில் நின்றுகொண்டு, ஒரே தலைக்குள் இருவரும் வேலை செய்தார்கள் என்று சொல்லலாம். ஏழு சத்திரசிகிச்சைகள், கடைசி இரண்டுக்கு மட்டுமே 33 மணித்தியாலங்களுக்கு மேல், நூறு பேரளவில் பணியாளர். பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். இரட்டைப் பிள்ளைகளைப் பிரிப்பதற்குக் கணினியில் இன்னோர் இரட்டை வேண்டியிருந்தது!

ஈரலும் தலையும் வடிவத்தைப் பொறுத்தவை. இதயம் அப்படியன்று, அது இயங்கிக்கொண்டிருப்பது. மாரடைப்பு வந்து பிழைத்தவரின் இதயத் தசையில் தழும்பு விழுகிறது. இதயத்தை அடிக்கச் செய்யும் மின்னோட்டம் அத்தழும்பைச் சுற்றிச் சுழலத் தொடங்கினால் திடீர் மரணம் கூட நேரலாம். மெல்லிய கம்பியை நாளத்தினூடாக இதயத்துக்குள் செலுத்தி, அச்சுழல் ஓடும் இடத்தைச் சுட்டு அடைப்பது ஒரு சிகிச்சை. எந்த இடத்தைச் சுடுவது என்று தேடுவதிலேயே மணித்தியாலங்கள் கழியும். சிலருக்கு ஒரு முறை போதாமல் மீண்டும் செய்ய நேரும். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நட்டாலியா ட்ரயனோவா என்னும் பேராசிரியை, நோயாளியின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து அவருடைய தழும்பு உட்பட இதயத்தைக் கணினியில் எழுப்பி, அதில் மின்னோட்டத்தை ஓடவிட்டு, எங்கே சுட்டால் சுழல் நிற்கும் என்பதை முன்கூட்டியே காண வழி செய்திருக்கிறார். நோயாளர் சிலரில் இதைச் சோதித்தும் இருக்கிறார்கள். பிரான்சின் மார்செய் நகரத்தில் விக்டர் யிர்சா என்பவரின் குழுவினர் காக்கை வலிப்பு நோயாளரின் மூளைக்கு இவ்வாறு செய்கிறார்கள். மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு எந்தப் பகுதியை வெட்டினால் பயன் என்று கண்டுகொள்ள உதவுமா என்பதைச் சோதிக்கும் ஆய்வு அங்கே 2019இல் ஆரம்பமானது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விளம்பரக்காரர்கள் இவை எல்லாவற்றையும் இரட்டை என்றே விற்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இவற்றில் பல, ஒரு நாள் எடுத்த படம். கலியாணப் படத்தை மாட்டி வைத்திருக்கும் வீட்டில் மாப்பிள்ளைக்கு இன்று எழுபது வயது. படம் பொய் சொல்லவில்லை, அது அன்றைய உண்மை. இரட்டை என்றால் கூடவே வளர வேண்டும். நோயாளி மெலிந்தால் அதுவும் மெலிய வேண்டும். மருந்தை மாற்றினால் அதற்கும் தெரிய வேண்டும். நோயாளியிடமிருந்து புதிய அளவுகள் ஓயாது போய்க்கொண்டிருந்தால்தான் அது நடக்கும். அப்பலோ கலத்திலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தபடியால்தானே கீழே செய்து பார்த்தது பயன்பட்டது.

படத்துக்கும் ஆளுக்கும் இடையே வரும் வித்தியாசம் சில வேளை ஒரு மணித்தியாலத்திலேயே வந்துவிடும். மண்டையோட்டைத் திறந்தவுடன் மூளை சற்றே அமிழ்ந்து இடம் நகரும். ஒரு சென்ரிமீற்றருக்கு மேலும் நகருவதுண்டு. காலையில் எடுத்த படத்தைப் பார்த்து அம்பு குறித்தால் பிசகிவிடும். நல்ல வைத்தியர்கள் இதை அறிவார்கள், அதனால்தான் திரையைப் பார்த்தும் கையை நம்பியும் வேலை செய்கிறார்கள்.

இதுவரை எழுதியது அந்தப் பிள்ளைக்கு. இனிப் பெரியவரிடம் வருகிறேன்.

ஓர் இரட்டையைச் செய்வதற்கு இரண்டு சரக்கு வேண்டும். ஒன்று, நோயாளியின் சொந்த அளவுகள். மற்றது, மனித உடல் பொதுவாக எப்படி இருக்கும், எப்படி இயங்கும் என்ற அறிவு. சொந்த அளவு இல்லாத இடத்தைக் கணினி இந்தப் பொது அறிவைக் கொண்டுதான் நிரப்பும். அப்படியானால் அந்தப் பொது உடல் யாருடையது?

இதற்கு ஒரு கதை உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் ஜோசப் போல் ஜேர்னிகன் என்பவர் கொலைக் குற்றத்துக்காக 1993 ஓகஸ்ட் மாதம் டெக்சஸ் மாநிலத்தில் விஷ ஊசி ஏற்றிக் கொல்லப்பட்டார். இறக்குமுன் தன் உடலை விஞ்ஞானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அவ்வுடலை உறைய வைத்து, ஒரு மில்லிமீற்றர் கனத்தில் 1,871 படைகளாகச் சீவி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, 1994இல் அந்நாட்டுத் தேசிய மருத்துவ நூலகம் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் 59 வயதான ஒரு பெண்ணின் உடலும் இன்னும் மெல்லியதாகச் சீவப்பட்டு வெளிவந்தது. உலகமெங்கும் மாணவர்கள் சத்திரசிகிச்சை பழகிய எத்தனையோ கணினி உடல்கள் அந்த இருவரிடமிருந்து வந்தவை. ஜேர்னிகனுக்குக் குடல்வால் ஏற்கனவே வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. ஆகவே மனுக்குலத்துக்கு மாதிரியாக நின்ற ஆண் உடலில் குடல்வால் கிடையாது. தண்டனையாகச் செத்த ஒரு மனிதன் தனக்குத் தெரியாத ஆயிரமாயிரம் வைத்தியர்களுக்கு ஆசிரியனானான் என்பதில் ஒரு மேன்மையைக் காண்பவர்கள் உண்டு. சிறைக்குள் இருந்து கையொப்பமிட்டவருக்குத் தன் உடல் இவ்வாறு சீவிப் பரப்பப்படும் என்று தெரிந்திருந்ததா என்று கேட்பவர்களும் உண்டு. என் மனம் பின்னவர்கள் பக்கமே சாய்கிறது.

மூளைக்கும் இதே கதை. கனடாவின் மொன்றியல் நகரில் 1990களில் அங்குள்ளோரின் ஸ்கான் படங்களிலிருந்து ஒரு சராசரி மூளையைத் தயாரித்தார்கள். உலகெங்கும் அதுவே அளவுகோலாயிற்று. 2019இல் ஐதராபாத்திலுள்ள ஐ.ஐ.ஐ.டி. நிறுவனத்தார், திருவனந்தபுரம் சிறீ சித்திரைத் திருநாள் நிலையத்தாருடன் சேர்ந்து, நூறு இந்தியரின் ஸ்கான் படங்களைக் கொண்டு ஓர் இந்திய மூளை வரைபடத்தை வெளியிட்டனர். உயரத்திலும் அகலத்திலும் கன அளவிலும் அது மேலைநாட்டு வரைபடத்தை விடச் சராசரியில் சிறியதாக இருந்தது. (சிறியது என்றவுடன் புத்தி குறைவு என்று ஒருவரும் எண்ண வேண்டாம். சிறிய ஆளுக்குச் சிறிய சட்டை, அவ்வளவுதான்.) ஆனால் பெரிய சட்டையின் அளவை வைத்து எம்முடைய மூளை சுருங்கியிருக்கிறதா என்று தீர்மானித்தால் நோயில்லாதவரையும் நோயாளி ஆக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 வெட்டுகளாகப் படமெடுத்து 2024 டிசம்பரில் வெளியிட்டதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். எம்மவரின் உடல் எம்மருகிலேயே அளக்கப்படத் தொடங்கியிருக்கிறது.

அளக்கப்படாதவருக்கு நேர்வது வெறும் கற்பனையன்று. கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டி ஒட்சிசன் பார்த்த சிறு கருவி ஞாபகமிருக்கும். 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, கறுப்பின நோயாளரின் ஒட்சிசன் குறைவை அக்கருவி, வெள்ளையருக்குத் தவறவிட்டதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தவறவிட்டதைக் காட்டியது. கருமையான தோலினூடாக ஒளி செல்வதை அது சரியாக எண்ணவில்லை.

எமது பக்கத்து விவசாயியின் உடலோ வேறொரு புதிர். 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளைப் பிடித்த காரணம் தெரியாத சிறுநீரக நோய், இங்கே எமக்கு அயலிலுள்ள வில்கமுவவிலும் உண்டு. நீரிழிவாலும் குருதி அழுத்தத்தாலும் வரும் சிறுநீரக நோயைச் சிறுநீரில் இறங்கும் புரதம் பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும். இந்நோயில் ஆரம்பத்தில் புரதம் மிகக் குறைவாகவே இறங்குகிறது. கேடு வேறிடத்தில், சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் தொடங்குகிறது. தண்ணீரா, விவசாய இரசாயனமா, வெயிலில் உடல் வற்றுவதா, எல்லாம் சேர்ந்தா என்று விஞ்ஞானிகள் இன்றும் வாதாடுகிறார்கள். நகரத்து நீரிழிவு நோயாளரை அளந்து செய்த சிறுநீரக இரட்டையை வில்கமுவ விவசாயிக்கு மாட்டினால் அவனைச் சுகதேகி என்று சொல்லிவிடலாம். நோய் முற்றி, மாற்றுச் சிறுநீரகம் தேவை என்ற நிலையில்தான் உண்மை வெளிவரும்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொரு தடை. உடலுக்குள் செல் துண்டுகளைச் சுமந்துகொண்டிருப்போர் வன்னியிலும் மூதூரிலும் எத்தனை பேர்! எம்.ஆர்.ஐ. என்பது பலத்த காந்தம். இரும்பு கலந்த துண்டு கண்ணருகிலோ நாளத்தருகிலோ இருந்தால் அந்த இயந்திரத்துக்குள் ஆளை விடுவது ஆபத்து. விட்டாலும் உலோகம் படத்தைக் கலக்கும். எம்.ஆர்.ஐ. படத்தை ஆதாரமாகக் கொண்ட இதய இரட்டை இவர்களுக்கு இலகுவில் வாய்க்காது. சிகிச்சைக்குப் போகும்போது துண்டு இருப்பதைச் சொல்லாமல் விடாதீர்கள், வெட்கமோ பயமோ வேண்டாம்.

பெரியவரின் விடயம் இதைவிடச் சாதாரணமானது. சாதாரணமாக இருப்பதால்தான் அது என்னை வருத்துகிறது.

பழைய ஊரிலிருந்த காலத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. பெரிய வைத்தியசாலையொன்றில் இதய நாளத்துக்குள் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்து, டயக்னோசிஸ் காட் கொடுத்து அனுப்பினார்கள். எந்த நாளம், என்ன அளவு, என்ன மருந்து, எல்லாம் அதில் இருந்தது. அதை அவர் தகரப் பெட்டிக்குள் காணிப் பத்திரத்தோடு வைத்திருந்தார். வீடு மாறிய நாளில் காணிப் பத்திரத்தை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டார். நட்டஈடு அதில் தங்கியிருந்தது. பெட்டி லொறியில் ஏறியதா, வீட்டிலேயே கிடந்ததா என்று இன்றுவரை தெரியாது. இரண்டு வருடம் சென்று மறுபடி நெஞ்சு வலித்தபோது, இலுக்கும்புர, ரிவர்ஸ்டன், ரத்தோட்டை என்று மலையேறி இறங்கி அவரைக் கொண்டுபோனோம். இளம் வைத்தியர் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"பழைய காட் எங்க ஐயா?"

"தண்ணிக்குள்ள தொர."

வைத்தியருக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு புதிய தாளை எடுத்து, பெயர், வயது என்று முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். முன்பு கிளினிக் போன இடத்தில் கேட்டு எடுக்கலாம் என்று முயன்றோம். வருடமும் திகதியும் இலக்கமும் இல்லாமல் தேட முடியாது என்று விடை வந்தது. அதில் குறை சொல்லவும் முடியாது. எழுபது வயது உடல் ஒன்று, நேற்றுப் பிறந்த பிள்ளையைப் போலச் சரித்திரமின்றிக் கட்டிலில் கிடந்தது.

எங்களை ஒருவரும் அளக்கவில்லை என்று சொல்ல முடியாது. மகாவலித் திட்டத்தின் தொடர்ச்சியாக மொறகஹகந்த – களு கங்கைத் திட்டம் வந்தபோது காணியை அளந்தார்கள், வீட்டுச் சுவரை அளந்தார்கள், தென்னையையும் பலாவையும் எண்ணினார்கள். (களுத்துறையில் கடலில் விழும் களு கங்கை வேறு, இது அம்பன் கங்கையோடு சேரும் எமது சிறிய ஆறு.) 2018இல் நீர் நிரப்பத் தொடங்கி, பழைய பல்லேகம நகரம் மூழ்கியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு இருந்தது. அதுவும் ஒரு வகையில் இரட்டைதான், காகிதத்தில் செய்த இரட்டை. அந்தக் கோப்பைப் பார்த்தே எங்கே அனுப்புவது, எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். நோயாளியை இரவில் தூக்கிக்கொண்டு ஓடிய அயல்வீட்டு இளைஞன் அந்தக் கோப்பில் இல்லை. சேனைப் புனத்தில் இருந்த பாதி வருமானம் இல்லை. பிரசவம் பார்த்த கிழவி இல்லை. அளக்கத் தெரிந்தது அளக்கப்பட்டது. மிஞ்சியது இல்லாததாகவே கணக்கிடப்பட்டது. அளந்தவர்கள் கெட்டவர்களல்லர், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கணினி இரட்டையைப் பற்றி நான் வாசித்தபோதெல்லாம் அந்தப் படிவம்தான் கண்முன் வந்தது.

இதைக் கேட்ட ஒரு நண்பர், "இது பணக்கார நாட்டு விளையாட்டு. லக்கலவுக்கு அம்புலன்ஸும் நல்ல பாதையும் போதும்" என்றார். பாதி உடன்படுகிறேன். இரவில் நெஞ்சு வலித்தவனுக்கு முதலில் வேண்டியது வாகனம். மறுபாதியில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. நான் குருமடத்தில் படித்த நாட்களில் சீ.ரீ. ஸ்கான் என்றால் எமது தோட்டத்து மக்கள் அது தமக்கில்லை என்றே நினைத்தார்கள். இன்று கூலி வேலை செய்பவரும் அரசாங்க வைத்தியசாலையில் அதற்குள் படுத்து எழும்புகிறார். எமது நாட்டின் இலவச வைத்தியம் எத்தனையோ குறைகளோடும் அதைச் செய்திருக்கிறது. கணினி இரட்டையும் ஒருநாள் கண்டிக்கும் பேராதனைக்கும் வரும். வரும்போது எம்மவரின் பெயரில் அதற்குள் போடுவதற்கு ஏதாவது இருக்குமா என்பதே என் கவலை. மாறாத முகவரியும், ஒரே வைத்தியசாலையும், முப்பது வருடத்துக் கோவையும் உள்ளவனுக்கு நல்ல இரட்டை பிறக்கும். மூன்று முறை இடம்பெயர்ந்தவனுக்குப் பிறர் உடலின் சராசரியைக் கொண்டு பொருத்துப் போட்ட இரட்டைதான் பிறக்கும். பார்ப்பதற்கு இரண்டும் திரையில் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும். வைத்தியருக்குக் கூட வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

ஆகவே பெரியவருக்கு என் விடை இது: "ஐயா, செய்யலாம். ஆனா உங்க பழைய காட் இல்லாம செஞ்சா, அது பாதி நீங்க, பாதி யாரோ."

இதில் இரண்டு தரப்பாருக்கு வேலை இருக்கிறது. முதலாவது, மக்களை எழுப்பி வேறிடத்தில் இருத்தும் அதிகாரிகளுக்கு. காணி, வீடு, மரம் என்று படிவத்தில் இருப்பது போல, ஒவ்வொரு ஆளின் சுகாதாரப் பதிவுக்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். பழைய கிளினிக்கிலுள்ள பதிவு புதிய கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தது என்று கையொப்பம் வைத்த பின்னரே குடும்பத்தை லொறியில் ஏற்ற வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. இன்று அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளருக்குக் கணினி இலக்கம் கொடுக்கும் முறை பரவி வருவதால் முன்னரிலும் இலகு. எமது நலன்புரிச் சங்கங்கள் நட்டஈட்டுக்கு மனு எழுதும் அதே தாளில் இதையும் எழுதலாம்.

மற்றது எமக்கு. யாராவது வந்து, ஆய்வு என்று சொல்லி, குருதி எடுக்கவோ ஸ்கான் செய்யவோ கேட்டால், துரத்தவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கைநாட்டு வைக்கவும் வேண்டாம். அளக்கப்படாமல் இருப்பதால் வரும் கேட்டை மேலே எழுதினேன். ஆனால் என்னத்துக்கு எடுக்கிறீர்கள், எங்கே வைப்பீர்கள், முடிவை எனக்கும் சொல்வீர்களா, பிறகு வேண்டாம் என்றால் அழிப்பீர்களா என்று கேட்பது உங்கள் உரிமை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதார விபரங்களை விசேட பாதுகாப்புக்குரியவை என்றே வகுத்திருக்கிறது. தமிழிலோ சிங்களத்திலோ, உங்களுக்கு விளங்கும் பாஷையில் எழுதாத தாளில் ஒப்பமிடாதீர்கள். சிறுநீரக நோய் பற்றி எத்தனை பேர் வந்து எத்தனை போத்தல் தண்ணீரும் குருதியும் கொண்டு போனார்கள் என்று வில்கமுவப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் கணக்குச் சொன்னார். ஒரு கடுதாசியாவது திரும்பி வந்ததா என்று கேட்டேன். சிரித்தார்.

வீட்டில் செய்யக் கூடியது இன்னும் எளிது. டயக்னோசிஸ் காட், கிளினிக் புத்தகம், ஈ.சீ.ஜீ., எக்ஸ்ரே, ஸ்கான் தாளும் அதனோடு கொடுக்கும் தட்டும், பிள்ளைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு ஆகியவற்றை ஒரே பொலித்தீன் பையில் போட்டுக் காணிப் பத்திரத்தோடு வையுங்கள். கைத்தொலைபேசி உள்ள பிள்ளைகள் ஒவ்வொரு தாளையும் படமெடுத்து, வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைக்கலாம். ஈ.சீ.ஜீ. தாள் வெயிலிலும் சூட்டிலும் மங்கிப் போகும், ஆகவே அதைக் கட்டாயம் பிரதியெடுங்கள். ஒரு கொப்பியில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: எந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தீர்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தீர்கள், என்ன மருந்து அடித்தீர்கள், எப்போது எங்கே வெட்டினார்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு, அன்று கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இவ்விதழ் கைக்குக் கிடைத்த பின் வரும் முதலாம் ஞாயிறு, வழமையான இடத்தில், பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடுகிறோம். வீட்டிலுள்ள தாள்களை எல்லாம் கொண்டு வாருங்கள்; நனைந்தவையும் கிழிந்தவையும் கூடப் பரவாயில்லை. லக்கல புதிய நகரத்துக்குப் போய்ப் பிரதியெடுத்து வர ஓர் ஆளை ஒழுங்கு செய்திருக்கிறோம். பெரியவர் தம்முடைய புதிய காட்டை இப்போதே என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார்.